மேவிஸ் அத்தை வீடு

கிரிண்டல் துறையில் ஒருவனிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பெண்டாட்டி ஏன் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனாள் என்று கேட்கலாம். டாக்டர் வயிற்றுக்குள் குழாய் விட்டு என்னத்தைப் பார்த்தார் என்று கேட்கலாம். இறால் கூட்டை எங்கே இறக்கியிருக்கிறான் என்று மட்டும் கேட்கக் கூடாது. கடலடியில் எந்தப் பாறைப் பாரின் எந்த ஓரத்தில் சிங்கி இறால் ஒதுங்கும் என்பது அப்பன் சாகுமுன் பிள்ளைக்குச் சொல்லிவிட்டுப் போகிற விஷயம். அதை வெளியே விட்டவனை அந்த ஊரில் மனுஷனாக மதிக்க மாட்டார்கள்.

ஆனாலும் கடலில் இருக்கிறவர்கள் ஒருவரோடொருவர் பேசத்தான் வேண்டும். விரிகுடாவைத் தாண்டினால் செல்போன் எடுக்காது. இருப்பது வயர்லெஸ், அதில் ஒருவன் தும்மினால் நாற்பது படகுக்கும் கேட்கும். அதனால் வீட்டுக்கு வீடு ஒரு கள்ளப் பேச்சு உண்டு. ஆல்டனும் அவன் அண்ணன் மெர்லும் இருபத்தெட்டு வருஷமாக மெர்லின் முழங்காலைப் பற்றியே பேசி வருகிறார்கள். "முழங்கால் எப்படி இருக்கு?" என்று ஆல்டன் கேட்பான். "உசிர் போகுது" என்றால் கூடு நிறைய வருகிறது. "தேவலை" என்றால் கூட்டில் ஒன்றுமில்லை, இரைக்குப் பிடித்த கேடு. கோடைக்கு வந்து தங்கிய ஒரு புண்ணியவதி கரையிலிருந்து இதையெல்லாம் கேட்டுவிட்டு மெர்லுக்கு ஒரு டப்பா தைலம் கொண்டுவந்து கொடுத்தாள். மெர்லும் வாங்கிக்கொண்டான்.

அடுத்தவன் பேச்சு காதில் விழுந்தால் விழட்டும். விழுந்ததற்கு அர்த்தம் கேட்பதுதான் தப்பு. ஆல்டன் ஐம்பத்தொரு வயது வரை அந்தத் தப்பைச் செய்ததில்லை. பெற்ற மகளிடம்கூடச் செய்யவில்லை.

மகள் டெஸ்ஸா. பதினேழு வயது, மாணவர் மீன்பிடி லைசென்ஸ், சொந்தமாக ஒரு சின்னப் படகு, அறுபது கூடு. மஞ்சளில் பச்சைக் கோடு போட்ட மிதவைகள், எல்லாம் அவளே அடித்த பெயின்ட். பனி கரைந்ததும் அவளும் அவள் சிநேகிதி ஷெல்பியும் ஆளுக்கொரு படகில் இறங்கினார்கள். யாரும் அதிகம் பேசாத ஒரு சேனலைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் ஏதேதோ பேசினார்கள். கரைநத்தை என்றார்கள், குட்டை என்றார்கள், மேவிஸ் அத்தை வீட்டுக்குப் போறேன் என்றார்கள். ஆல்டனின் வம்சத்தில் மேவிஸ் என்று ஓர் அத்தை கிடையாது. அவன் பெண்டாட்டி ரோண்டாவின் வம்சத்திலும் கிடையாது. ஏதோ ஒரு பாருக்கு வைத்த பெயர் என்று ஆல்டன் எடுத்துக்கொண்டான். மகளுக்கும் கள்ளப் பேச்சு வந்துவிட்டதே என்று அவனுக்குப் பெருமையில் தலை கால் புரியவில்லை. கூட்டுறவுச் சங்கத்தின் படகுத் துறையில் இரை வாங்க நின்றபோது நாலு பேருக்குக் கேட்கிற மாதிரியே சொன்னான்.

"என் பொண்ணு வாயிலேர்ந்து ஒரு கூட்டோட இடத்தை வாங்கிடுங்கடா பார்ப்போம்."

"உன்னை மாதிரி இல்லாம இருந்தா சரி," என்றான் மெர்ல். "நீ சின்ன வயசுல மூணு மிட்டாய்க்கு அப்பாவோட இடத்தையே வித்தவன்."

ஜூன் பதினொன்றாம் தேதி, காலை பத்தேகால். ஆல்டன் வெளிக்கடலில் இருந்தான். வயர்லெஸ்ஸை மகளின் சேனலுக்குத் திருப்பி வைத்திருந்தான்; கேட்டால் சும்மாதான் என்பான். டெஸ்ஸாவின் குரல் வந்தது. "ஷெல்பி, மேவிஸ் அத்தை வீட்டுக்குப் போறேன். கேக்குதா?" பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து, "ஷெல்பி, இருக்கியா? அத்தை வீட்டுக்குப் போறேன்" என்று மறுபடி. அதற்கும் பதில் இல்லை. கடலில் கூப்பிட்ட குரலை அந்தரத்தில் விடுவது அங்கே பெரிய பாவம். ஆனால் ஆல்டன் வாயைத் திறந்தால் அப்பன் ஒட்டுக்கேட்கிறான் என்று பெண்ணுக்குக் கூச்சமாகிவிடும். அதனால் அவன் பேசவில்லை. மைக்கின் பொத்தானை இரண்டு தடவை அமுக்கி விட்டான். டிக், டிக். எல்லாப் படகுக்காரனும் கை வேலையாக இருக்கும்போது செய்வதுதான். கேட்டது, சரி, என்று அர்த்தம். யார் அமுக்கியது என்று அதில் தெரியாது.

"சரி, அப்ப போறேன்," என்றாள் டெஸ்ஸா.

மதியம் ஒரு மணிக்கு ஆட்டுத்தீவின் காற்று மறைவில் அவள் படகு நங்கூரம் போட்டு நிற்பதை மெர்ல் பார்த்தான். இரைப் பெட்டிகளுக்கு நடுவே அவள் சாய்ந்து கிடந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து மெர்ல் முதலில் அவளைத் திட்டினான். பக்கத்தில் போய் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவள் உயிரோடு இல்லை என்று தெரிந்தது. மாத்திரை என்றார்கள். கள்ள மாத்திரை, கடையில் விற்கிற மாதிரியே செய்தது, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று செய்தவனுக்கே தெரியாதது.

*

செப்டம்பர் வந்துவிட்டது. டெஸ்ஸாவின் அறுபது கூடும் ஜூனில் இறக்கியபடியே கடலில் கிடந்தன. அடுத்தவர் கூட்டைத் தொடக் கூடாது என்பது சட்டம். அப்பன் தொடலாம் என்று மீன்வள அதிகாரி வீட்டுக்கே வந்து தாள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆல்டன் ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்றான். கடைசியில் ஷெல்பி தானே வந்து, சனிக்கிழமை நானும் வருகிறேன், தூக்கிவிடலாம் என்றாள்.

அன்று விடிந்து மூடுபனி விலகுவதற்காக ஆல்டன் அடுக்களையில் காத்திருந்தான். ரோண்டா மேஜையில் அவித்த நண்டுகளைக் குவித்து வைத்து, சின்னக் கத்தியால் சதையைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் தொழில். பாதி ஊருக்கு நண்டுச் சதை அவள் கையால்தான் போகும். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பிள்ளைகள் போதை மருந்துகளுக்கு வைத்திருக்கும் பெயர்கள் என்று பள்ளிக்கூடத்தில் பெற்றோருக்கு அச்சடித்துக் கொடுத்தது. டெஸ்ஸா போன பிறகு ரோண்டா போய்க் கேட்டு வாங்கி வந்தாள். மகளின் போனில் இருந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக அதில் தேடினாள். ஒன்றுகூட இல்லை. தேடுவதை அவள் நிறுத்தவும் இல்லை.

"ஷெல்பி வர்றாளா?" என்றாள் தலை நிமிராமல்.

"வர்றா."

"அவகிட்ட கேளு."

"ரோண்டா, சின்னப் பொண்ணு அது."

"என் பொண்ணும் சின்னப் பொண்ணுதான். நான் கேட்டா அழுதுட்டு ஓடிடுறா, மூணு தரம் பார்த்துட்டேன். நீ கேளு. எவன் வித்தான், எப்ப ஆரம்பிச்சுது, அதெல்லாம் எனக்கு வேணாம். ஒண்ணே ஒண்ணு தெரியணும். தெரியாம மாட்டிக்கிட்டாளா, இல்ல போகணும்னே போனாளா."

"தற்செயல்னுதான் டாக்டர் எழுதியிருக்காரு."

"அப்படித்தான் எழுதுவாங்க. பெத்தவ மனசு தாங்கணும்னு." கத்தி நின்றது. "அன்னிக்குக் காலையில நான் அவளைத் திட்டினேன். ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டுட்டுப் போறான்னு. ஒரு துண்டு, ஆல்டன். 'நான் இல்லாம நிம்மதியா இருங்க'ன்னு கதவை அறைஞ்சுட்டுப் போனா. அதுதான் அவ என்கிட்ட கடைசியா பேசினது."

"எல்லாப் பிள்ளைகளும் சொல்றதுதானே."

"எல்லாப் பிள்ளைகளும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுதுங்களே."

ஆல்டன் காப்பிக் குடுவையை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

*

ஷெல்பி ஆரஞ்சு நிற ரப்பர் உடுப்பில் துறையில் நின்றிருந்தாள். பதினாறு வயது. ஒல்லிப்பெண், கை மட்டும் படகுக்காரக் கை. ஜூனுக்கு முன் வாய் ஓயாமல் பேசுவாள். இப்போது கேட்டதற்கு மட்டும்.

பனி கிழிந்து வடமேற்குக் காற்று எழுந்தது. ஆட்டுத்தீவைச் சுற்றித்தான் முக்கால்வாசிக் கூடு. ஆல்டன் மிதவையைக் கொக்கியால் இழுத்துக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சில் மாட்டுவான். கூடு நீரைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். ஷெல்பி விளிம்பில் சாய்த்துத் திறப்பாள். மூன்று மாதக் கூடு. பாசி தலைமுடி மாதிரி வளர்ந்து தொங்கியது. இரை வைத்த பையில் மீன் முள் மட்டும் இருந்தது. உள்ளே இருந்த சிங்கிகளை ஷெல்பி ஒவ்வொன்றாகக் கடலில் விட்டாள். பெரிய நல்ல சிங்கிகள். ஆல்டன் அவளைத் தடுக்கவில்லை.

இருபத்திரண்டு கூடு ஏறியதும் எஞ்சினைத் தணித்து, வறுத்த இறைச்சி வைத்த ரொட்டியைப் பிரித்து ஒன்றை அவளிடம் நீட்டினான்.

"சாப்பிடு."

"வேணாம்."

"என் படகுல பசியோட வேலை பார்த்தவங்க கிடையாது. பிடி, கண்ணு."

அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஆல்டன் கடலைப் பார்த்தபடி, வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்கக் கூடாததைக் கேட்டான்.

"மேவிஸ் அத்தைங்கிறது யாரு?"

ஷெல்பி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வயர்லெஸ்ல கேட்டேன்."

"எங்க சேனலைக் கேட்டீங்களா?"

"எல்லாரும்தான் எல்லாத்தையும் கேக்குறோம். கேட்ட மாதிரி காட்டிக்கிறதில்லை."

"உங்க ஆளுங்க எல்லாம் மெர்ல் முழங்காலைத்தான் கேட்டுட்டு இருப்பீங்கன்னு நினைச்சோம்."

"முழங்கால் விஷயம் உனக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும், ஆல்டன். முழங்கால் வலின்னா படகுங்க எல்லாம் உங்க பின்னாடி வருதே, அது எதுக்குன்னு நினைச்சீங்க?"

ஜூனுக்குப் பிறகு முதல் தடவையாக ஆல்டனுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. "ஏதோ ஒரு பாருக்கு வச்ச பேருன்னு நினைச்சேன், அந்த மேவிஸ்," என்றான். "நல்ல இடம் ஒண்ணு மாட்டியிருக்கு, அப்பனுக்கே சொல்ல மாட்டேங்குறான்னு."

"பாரா?" ஷெல்பியின் முகம் கோணியது. "டெஸ்ஸா கேட்டிருந்தா படகுல உருண்டு சிரிச்சிருப்பா." பிறகு ரொட்டியை இரண்டாகக் கிழித்து, கிழித்ததை நாலாகக் கிழித்தாள். "அத்தை வீட்டுக்குப் போறதுன்னா போடப் போறோம்னு அர்த்தம். கரைநத்தைன்னா மாத்திரை. பாதி மட்டும் போட்டா குட்டை. அளவு பத்தாத சிங்கியை நீங்க குட்டைன்னுதானே சொல்வீங்க, அது மாதிரி. அத்தை சமைச்சிருக்கான்னா எங்கிட்ட இருக்குன்னு அர்த்தம். அத்தை கோபமா இருக்கான்னா, இந்தத் தடவை வந்தது சரியில்லை, எவனுக்கோ முடியாமப் போயிருக்கு, தொடாதன்னு அர்த்தம்."

"ரோண்டா வச்சிருக்குற தாள்ல இதெல்லாம் இல்லையே."

"அந்தத் தாளா? அதுல இருக்குறது எல்லாம் எங்க அக்கா காலத்துப் பேச்சு. ஒரு வார்த்தை தாள்ல வந்துட்டா அது செத்துச்சு. அடுத்த நாளே வேற வச்சுடுவோம். அதுல டெஸ்ஸாதான் கெட்டிக்காரி. எல்லாம் அவ வச்ச பேரு. பூரா பள்ளிக்கூடமும் இன்னும் அதைத்தான் பேசுது."

மகள் கெட்டிக்காரி என்று கேட்டதும் ஆல்டனுக்கு உள்ளே ஒரு பெருமை தலை தூக்கியது. தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"எப்பலேர்ந்து?"

"பனிக்காலத்துலேர்ந்து. அவளுக்குத் தோள்ல வலி இருந்துச்சு. எனக்கு வலியெல்லாம் ஒண்ணும் இல்லை. சும்மாதான்." மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள். "இப்ப தொடுறதில்லை. நம்புங்க, நம்பாட்டிப் போங்க."

"நம்புறேன். இன்னும் ஒண்ணு கேக்கணும், ஷெல்பி. நான் கேக்கலை, அவ அம்மா கேக்குறா. அவ போகணும்னே போனாளா?"

ஷெல்பி ரொட்டித் துண்டுகளைக் கடலில் போட்டாள். படகு அலையில் மெதுவாகத் தலை திருப்பிக்கொண்டது. பிறகு அவள் பேசிய குரலில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது.

"ஆமான்னுதான் நினைக்கிறேன். அதனாலதான் ரோண்டா கேக்குறப்ப எல்லாம் ஓடினேன்."

"எப்படிச் சொல்ற?"

"எங்களுக்குள்ள ஒரு சட்டம் இருந்துச்சு. அதையும் அவதான் வச்சா. தனியா இருந்தா வயர்லெஸ்ல அடுத்தவகிட்ட சொல்லாம போடக் கூடாது. சொன்னதும் அடுத்தவ ரெண்டு தரம் மைக்கை அமுக்கணும். டிக், டிக் வந்தா போடலாம். வரலைன்னா கை வைக்கவே கூடாது, தூக்கிக் கடல்ல போட்டாலும் சரி. அமுக்கினவ பத்து நிமிஷத்துல கூப்பிட்டுப் பார்க்கணும். பதில் இல்லைன்னா விரட்டிட்டு வரணும். மயங்கினா மூக்குல அடிச்சு எழுப்புற மருந்து ரெண்டு படகுலயும் வச்சிருந்தோம். ஒரு தரம் ஏப்ரல்ல அவ எனக்கு அடிச்சிருக்கா. எங்க அம்மாவுக்குக்கூடத் தெரியாது."

ஆல்டன் வின்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அன்னிக்கு நான் கடல்லயே இல்லை," என்றாள் ஷெல்பி. "பல் பிடுங்க அம்மா கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவளுக்குச் சொல்ல மறந்துட்டேன். அவ கூப்பிட்டாளோ என்னவோ, நான் அமுக்கலை. யாரும் அமுக்காமயே போட்டிருக்கா. அவ வச்ச சட்டத்தை அவளே மீறிட்டா. திரும்பி வரணும்னு நினைக்கிறவ அப்படிச் செய்வாளா? நான் வருவேன்னு காத்திருக்க ஒரு பத்து நிமிஷம் அவகிட்ட இல்லையா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. வயர்லெஸ்ஸில் அமுக்கிய கைக்குப் பெயர் கிடையாது. எஞ்சினை முடுக்கி அடுத்த மிதவைக்குப் போயிருந்தால் அந்தப் பெண்ணும் தொடர்ந்து வேலை பார்த்திருப்பாள். ஆல்டன் இதையெல்லாம் நினைக்கவும் செய்தான், ஒரு கால் நிமிஷம். அவள் முகத்தைப் பார்த்தான். பதினாறு வயது முகம் அப்படி இருக்கக் கூடாது.

"அவ மீறலை," என்றான்.

"உங்களுக்கென்ன தெரியும்?"

"ரெண்டு தரம் கூப்பிட்டா உன்னை. நீ பதில் சொல்லலை. அவ காத்திருந்தா. நான் கேட்டுட்டு இருந்தேன். பிள்ளை கூப்பிடுது, யாரும் வாயைத் திறக்க மாட்டேங்குறாங்களேன்னு நான்தான் அமுக்கினேன். டிக், டிக்னு."

ஷெல்பிக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை ஆல்டன் கண்ணால் பார்த்தான். "காத்திருந்தாளா?" என்றாள். "ரெண்டு தரம் கூப்பிட்டாளா? அப்ப அவ என்னை..." முகமெல்லாம் திறந்து, ஜூனுக்கு முன்பிருந்த ஷெல்பி ஒரு நொடி வந்து போனாள். அப்புறம்தான் அமுக்கியது யார் கை என்பது அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். எழுந்து வந்து, மீன் நாற்றமடித்த ரப்பர் உடுப்போடு அவனைக் கட்டிக்கொண்டாள். எத்தனையோ பேர் ஜூனில் கட்டிக்கொண்டபோது கல்லாக நின்ற ஆல்டன், அப்போதுதான் வாய் விட்டு அழுதான்.

மிச்சம் முப்பத்தெட்டு கூட்டையும் தூக்கிவிட்டுத்தான் கரை சேர்ந்தார்கள்.

*

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி நாலரை. ரோண்டா இன்னும் மேஜையில்தான் இருந்தாள். சதை ஒரு பக்கம், ஓடு ஒரு பக்கம்.

"கேட்டியா?"

"கேட்டேன்." எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். "அவ போகணும்னு போகலை."

"ஷெல்பி சொன்னாளா?"

"ஷெல்பிக்குத் தெரியலை. எனக்குத் தெரியும்."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். சட்டத்தைச் சொன்னான், பல் பிடுங்கப் போனதைச் சொன்னான், தான் சேனலைத் திருப்பி வைத்துக் கேட்டதைச் சொன்னான். அமுக்கியதைச் சொல்லும்போது அவன் பெருவிரல் மேஜைமேல் தானாக அசைந்தது. ரோண்டா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மணி என்ன அப்ப?"

"பத்தேகால்."

"வீட்டை விட்டுப் போனது ஏழு மணிக்கு. அதுக்கப்புறம் மூணு மணி நேரம் வேலை பார்த்திருக்கா."

"ஆமா. நாப்பது கூட்டுக்குப் புது இரை வச்சிருந்தா. காலியான இரைப் பெட்டிங்களை மெர்ல் பார்த்தான்."

"குரல் எப்படி இருந்துச்சு? அழுதிருந்த மாதிரி இருந்துச்சா?"

"இல்லை. சாதாரணமா. கடைக்குப் போயிட்டு வர்றேன்னு சொல்ற மாதிரி."

"என்ன சொன்னா கடைசியா? அவ சொன்ன மாதிரியே சொல்லு."

"'சரி, அப்ப போறேன்'னு."

"இன்னொரு தரம் சொல்லு."

சொன்னான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மறுபடி சொல்லச் சொன்னாள், மறுபடி சொன்னான். மூன்றாம் தடவைக்குப் பிறகு அவள் தோள் இறங்கியது. ஈரத் துண்டுக்காக மூன்று மாதமாகச் சுமந்ததை அவள் அங்கே, அந்த மேஜைமேல், இறக்கி வைத்தாள். ஆல்டனுக்கு அது தெரிந்தது. அதை யார் தோளிலிருந்து எடுத்து யார் தோளில் வைக்கிறாள் என்பதும் தெரிந்தது.

"பயந்திருக்க மாட்டா," என்றாள்.

"மாட்டா."

"யாரோ வருவாங்கன்னு தெரியும் அவளுக்கு."

"தெரியும்."

ரோண்டா எழுந்து கையை வெகுநேரம் கழுவினாள். நண்டு வாசனை கழுவினால் போகாது, அது அவளுக்கும் தெரியும். முதுகைக் காட்டியபடியே பேசினாள்.

"நீ வேணும்னு செய்யலை. இதை நான் நாளைக்கும் சொல்லுவேன், அடுத்த வருஷமும் சொல்லுவேன். ஆனா இன்னைக்கு உன்னைப் பார்க்க என்னால முடியாது, ஆல்டன். உன் கையைப் பார்க்க முடியலை. மெர்ல் வீட்டுக்குப் போ."

"சரி."

அவன் எழுந்தான். தொப்பியை எடுத்தான். கதவைத் திறந்து வாசற்படியில் கால் வைத்தபோது அவள் திரும்பினாள். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"காலையில வந்துடு. எட்டு மணிக்குள்ள வரலைன்னா நான் தேடிட்டு வந்துடுவேன். கேக்குதா?"

"கேக்குது, ரோண்டா," என்றான் ஆல்டன்.